இதில் படுக்கலாமா?

எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்கு இந்த முறையும் மேடை போட்டார்கள். மைக்கைப் பிடித்தவர், "மூன்று மதமும் கைகோர்த்துக் கட்டிய குடியிருப்பு" என்றார். கைதட்டினார்கள். பள்ளிவாசல், மாதா கோயில், சிவன் கோயில் மூன்று இடத்துப் பெரிய மனிதர்களுக்கும் சால்வை போர்த்தினார்கள். போட்டோவுக்காக அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நான் கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைகோர்த்தார்களாம். எந்தக் கை எப்போது முதுகுக்குப் பின்னால் போனது என்று எனக்குத் தெரியாதா?

பந்தல் போட்டவன் யாரோ வெளியூர்க்காரன். ஒரு மூலையில் துணி தொங்கி, முன்வரிசைக் கிழவர் ஒருவரின் தலையில் இடித்துக்கொண்டே இருந்தது. பந்தல் பாய் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பந்தலைப் பார்த்தே காறித் துப்பியிருப்பார். பேச்சைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நான் அதைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த வருடம் ஒரு கல்வெட்டு வைத்து, அவரையும் அந்தச் சால்வைக்காரர்கள் வரிசையில் நிறுத்திவிடுவார்கள். அதற்கு அவர் சம்மதிக்கமாட்டார்.

கோயில் திருவிழா, பள்ளிவாசல் கந்தூரி, மாதா கோயில் தேர், கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் எங்கள் ஊருக்கு அவருடைய லாரிதான் வரும். கட்டம் போட்ட கைலி, அகலமான பச்சை பெல்ட், தோளில் ஒரு துண்டும் ஒரு கயிற்றுச் சுருளும். குரல் மட்டும் நாலு ஆளுக்கு உண்டானது. அவர் பேச ஆரம்பித்தால் மைக் செட்டுக்காரர் தன் பெட்டியில் சத்தத்தைக் குறைப்பது போலப் பாவனை செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். பாயும் சிரித்துக்கொண்டே அவரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஊரில் புதிதாக எந்தக் கட்டடம் திறந்தாலும் நேராக உள்ளே போவார். தோளில் கிடக்கும் துண்டை உதறித் தரையில் விரிப்பார். மல்லாந்து படுத்துவிடுவார். தூங்குவதற்கு அல்ல. கண்ணைத் திறந்தபடியே கூரையைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், இப்படிப் புரள்வார், அப்படிப் புரள்வார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூக்கைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு எழுந்து துண்டை உதறிக்கொண்டே கேட்பார்: "எல்லாம் சரி. ராத்திரி இதுல யாரு படுப்பாங்க?"

கோயில் சார்பில் கல்யாண மண்டபம் கட்டித் திறந்தபோது, பளபளவென்று இருந்த கிரானைட் தரையில் அப்படித்தான் படுத்துவிட்டார். பட்டு வேட்டிகளும் பட்டுப் புடவைகளும் அவரைச் சுற்றி வளைந்து போயின. தர்மகர்த்தா சிரித்துச் சமாளித்துக்கொண்டே, இது கல்யாணம் நடக்கிற இடம், படுக்கிற இடமா என்று கேட்டாராம். வருசத்தில் எத்தனை நாள் கல்யாணம் நடக்கும், மிச்ச நாளெல்லாம் இங்கே பூட்டுதானே குடியிருக்கும் என்று படுத்தபடியே பதில் சொல்லியிருக்கிறார் பாய். இது அவருடைய ஆட்களே வந்து எங்கள் வாய்க்கால் கரையில் சொல்லிச் சிரித்த கதை. கோயிலோடு அவர் நிறுத்திக்கொண்டதும் இல்லை. பள்ளிவாசலுக்கு மாடி எழுப்பியபோது அங்கேயும் படுத்தார். மாதா கோயில் பங்கு மண்டபத்திலும் படுத்தார். ஊர் முகப்பில் வளைவு கட்டியபோது மட்டும் படுக்கவில்லை. இதுக்குக் கீழே படுத்தா லாரி ஏறிடும், அதனால இதை நான் சோதிக்கல என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நான் போடுறது ஒரு நாள் கூரை," என்பார். "ஆயிரம் பேருக்கு நெழல் குடுத்துட்டு மறுநாள் அவுத்துக்கிட்டுப் போயிருவேன். நீங்க கட்டுறது நூறு வருசத்துக் கூரை. அதுல ஒருத்தன் தலை சாய்க்க முடியலன்னா அப்புறம் எதுக்குய்யா அது?"

எனக்கு அப்போது இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. எங்களுக்கென்று ஒரு குடிசை இருந்தவரைக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவருடைய கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் கோபம் வரும். பாயின் கோபத்துக்குக் கயிறு இருந்தது. ஒரு பெரிய பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டிருந்தார். அவரிடம் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கரை ஆட்கள். பந்தியெல்லாம் முடிந்தபிறகு அவர்களுக்கு மட்டும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் சாப்பாடு வைத்திருக்கிறார்கள். பாய்க்குக் கூடத்தில் தனியாக வாழை இலை போட்டுக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. மேற்குப் பக்கம் போய் முளைக்குச்சியில் கட்டியிருந்த கயிற்றை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தார். சம்பந்திகள் உட்கார்ந்திருந்த இடத்தில் பந்தல் மெல்லக் கீழே இறங்கியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டு கையாலும் துணியைத் தாங்கிக்கொண்டு நின்றாராம். வீட்டுக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். "எங்க ஆளுங்க கொட்டகையில சாப்புடுறாங்க. கொட்டகைக்குப் பந்தல் வேணாம்ல?" என்று மட்டும் பாய் கேட்டார். கூடத்தில் இலை விழுந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். அடுத்த முறை அந்த வீட்டுக்குப் பந்தல் போடக் கும்பகோணத்திலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள்.

நாங்கள் வாய்க்கால் கரையில் இருந்தோம். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். நான் குடவாசலில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தேன். கரையில் முக்கால்வாசி எங்கள் சாதிதான். மிச்சத்தில் நாலைந்து முஸ்லிம் வீடுகள், மாதா கோயிலுக்குப் போகிற சில வீடுகள், எங்கிருந்தோ பிழைக்க வந்து தங்கிவிட்ட ஒரு சலவைக்காரக் குடும்பம். முன்பெல்லாம் சேரி என்பார்கள். பிறகு நாகரிகமாகக் கரை என்றார்கள். அவ்வளவுதான் முன்னேற்றம்.

ஒரு நாள் வாய்க்காலை அகலப்படுத்தித் தூர்வார வேண்டும் என்று மண்வெட்டும் இயந்திரத்தோடு வந்துவிட்டார்கள். தண்ணீர் கடைமடை வரைக்கும் போக வேண்டும் என்பது நியாயம்தான். நாங்கள் எங்கே போக வேண்டும் என்று யாரும் பேசவில்லை. எங்கேயோ தூரத்தில் அடுக்குமாடியில் வீடு தருவதாகச் சொன்னார்கள். அங்கே போனால் அப்பாவுக்கு மூட்டையும் இல்லை, அம்மாவுக்கு வயலும் இல்லை. மத்தியானத்துக்குள் குடிசைகளெல்லாம் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. நாங்கள் சட்டி பானைகளோடு சாலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஊரே எங்களைக் கடந்து போனது. அந்தப் பக்கம் போன பைக்குகளில் ஒன்றாவது நின்றிருக்கலாம். ஒன்றும் நிற்கவில்லை.

நின்றது பாயின் லாரி. இறங்கி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். யாரையும் ஒன்றும் விசாரிக்கவில்லை. சாமானை ஏத்துங்க என்றார். பள்ளிவாசலுக்குச் சொந்தமான ஒரு மனை, வயல்களுக்கு நடுவில் கருவேலம் மண்டிக் கிடந்தது. யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ தர்மத்துக்கென்று வக்ஃபாக எழுதி வைத்தது. அதை விற்க முடியாது, ஒரு தலைமுறையாக எதுவும் செய்யவும் இல்லை. முள்ளை வெட்டித் தள்ளிவிட்டு, பொழுது சாய்வதற்குள் அங்கே ஒரு நீளப் பந்தல் எழுப்பிவிட்டார். கல்யாணத்துக்குக் கட்டுகிற மஞ்சள் சிவப்புத் துணி. அதன் கீழே நாங்கள் அடுப்பு மூட்டினோம்.

பள்ளிவாசலில் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே ஜமாஅத்திலிருந்து வந்துவிட்டார்கள். தலைவர் வளைகுடாவில் இருந்து திரும்பி வந்து ஜவுளிக்கடை வைத்திருந்தவர், கெட்டவர் இல்லை. ஆனால் கூட வந்தவர்கள், நம்ம எடத்துல கண்டவங்களையும் ஏத்தி விட்டா நாளைக்கு எப்படி எழுப்புறது, நம்ம சமுதாயத்துல வீடு இல்லாதவங்க இல்லையா, அவங்களுக்குக் குடுக்கலாமே என்றார்கள். எங்களுக்கு முன்னாலேயே பேசினார்கள். நாங்கள் அங்கே நட்டு வைத்த குச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

"தலைவரே, எழுதி வச்ச மனுசன் என்ன எழுதினாரு? ஏழைகளுக்குன்னு எழுதினாரு," என்றார் பாய். "தலையில தொப்பி இருக்கா, கழுத்துல சிலுவை இருக்கா, நெத்தியில பட்டை இருக்கான்னு பாத்துட்டுக் குடுங்கன்னு எழுதினாரா? எழுதியிருந்தாக் காட்டுங்க. இந்த நிமிசமே அவுத்துர்றேன்."

தலைவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் நல்ல மழை. தலைவர் ஒரு மத்தியானம் குடையோடு தனியாக வந்தார். பந்தலுக்கு உள்ளே ஒழுகிக்கொண்டிருந்தது. சலவைக்கார வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியும் ஒரு முஸ்லிம் கிழவியும் ஒரே கட்டிலில் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நனையாத இடம் அது ஒன்றுதான். தலைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். குறைந்த தரை வாடகைக்கு அந்த மனையில் எங்களை வீடு கட்டிக்கொள்ள விடுவது என்று ஜமாஅத் கூடி முடிவு செய்ததாகப் பிறகு சொன்னார்கள். அவரைக் குறை சொல்லமாட்டேன். மற்றவர்களை இன்றைக்கும் சொல்வேன்.

மாதா கோயில் ஃபாதர் செங்கல்லும் சிமெண்டும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். இளவயது, நல்ல மனசு. கோயில் காரியம் பார்க்கிற பங்குப் பேரவைக்காரர்களோ எங்களில் யார் யார் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் என்று முதலில் தெரிய வேண்டும் என்றார்கள். இதைக் கேட்ட பாய் பங்கு மண்டபத்தின் நட்டநடுவில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். கூட்டம் முடிகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவரைத் தாண்டித் தாண்டித்தான் பேசினார்கள். கடைசியில் ஃபாதரே கோபப்பட்டு, செங்கல்லுக்கு எதுக்குங்க ஞானஸ்நானம் என்று தன் ஆட்களைப் பார்த்துக் கேட்டதாகச் சொல்வார்கள். பாய்க்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போய், பல நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வீடு எப்படி இருக்க வேண்டும் என்று நாங்களே முடிவு செய்தோம். இதை யாரும் மேடையில் சொல்வதே இல்லை. ஃபாதர் கூட்டிவந்த பொறியாளர் தீப்பெட்டி அடுக்கினது போல ஒரு படம் கொண்டுவந்தார். படத்தைப் பார்த்து எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாய் எங்கள் எல்லோரையும் கோரைப்பாயைக் கொண்டுவந்து வெறும் தரையில் விரிக்கச் சொன்னார். வீட்டுக்கு எத்தனை பேரோ அத்தனை பேரும், வழக்கமாகப் படுக்கிற மாதிரியே படுக்க வேண்டும். பட்டப்பகலில் அப்பா, அம்மா, நான், தம்பி நால்வரும் வெட்டவெளியில் படுத்துக் கிடந்தோம். வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் சலவைக்காரர் குடும்பம், அதற்கடுத்து இன்னொரு குடும்பம். பாய் சுண்ணாம்புப் பொடியை எடுத்து எங்களைச் சுற்றிக் கோடு போட்டார். பிறகு எழுந்து நின்று அவரவர் கோட்டை அவரவர் பார்த்தோம். கலியாணமான மகன் இருக்கிற வீட்டுக்காரி, நடுவில் ஒரு சுவர் வேண்டும் என்று கேட்டாள். கால் விளங்காத ஒருவர் வாசலில் படி வேண்டாம் என்றார். அம்மா அடுப்படி ஜன்னல் வழியைப் பார்த்து இருக்க வேண்டும் என்றாள். யார் வருகிறார்கள் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு பொங்காது. பொறியாளர் முதலில் சிரித்தார், பிறகு அவரும் டேப்பை எடுத்துக்கொண்டு எங்களோடு குனிந்து அளந்தார்.

கரையில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்களோ அப்படியே இங்கேயும் இருப்பது என்று பேசி முடித்தோம். இது அவர் தெரு, இது இவர் தெரு என்று பிரிக்கக்கூடாது. இதில் மட்டும் சண்டையே வரவில்லை.

சண்டை வந்தது பாயோடுதான். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீளக் கூரை போடலாம், செலவு குறையும், காற்றும் ஓடும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அம்மாவும் இன்னும் சில பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். "நாங்க குடியிருக்கப் போறோம் பாய், கந்தூரிக்கு வரல," என்றாள் அம்மா. எங்கள் வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கக்கூடாது, எங்கள் கூரை எங்களுக்குத் தனியாக வேண்டும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனவர் சில நாள் வரவே இல்லை. பிறகு ஒன்றும் நடக்காதவர் போல வந்து, தனித்தனிக் கூரைக்கு நின்று வேலை வாங்கினார். தப்பு செய்தேன் என்று கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அதுவும் அவர்தான்.

இனிமேல்தான் எனக்கு வயிறு எரிகிற இடம். எங்கள் மனைக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் இருந்தது கோயில் நிலம். இரண்டு பக்கமும் ஊர்க்காரர்கள் வயல், நடுவில் கோயிலுக்குச் சொந்தமான ஒரு மண் வழி. வேறு வழி கிடையாது. சுவர்கள் எழும்பிவிட்டன. வழி எங்களுக்கு உண்டு என்று கோயில் தரப்பு ஒப்புக்கொண்டால்தான் கரண்டு வரும், கூரைக்கு ஃபாதர் ஏற்பாடு செய்திருந்த மிச்சப் பணம் வரும். தர்மகர்த்தா எங்கள் பெரியவர்களைக் கூப்பிட்டு அனுப்பினார். தாராளமாகப் போங்க, சைக்கிள் போகட்டும், வண்டி போகட்டும், பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகட்டும் என்றார். சாமி எல்லாருக்கும் பொது என்றுகூடச் சொன்னார். ஒன்றே ஒன்றுதான். அந்த மாதிரிக் காரியத்துக்கு மட்டும் இந்த வழி வேண்டாம், சாமி நிலம், ஊர் ஒத்துக்காது, அதுக்கு வயல் வரப்புல போயிக்கலாம் என்றார். பிணம் என்கிற சொல்லைக்கூட அவர் சொல்லவில்லை. அவ்வளவு சுத்தமான வாய்.

பள்ளிவாசல்காரர்களும் மாதா கோயில்காரர்களும் அப்போது என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஒன்றும் செய்யவில்லை. முஸ்லிம் வீட்டு ஜனாஸா ஊர்வலத்துக்குத் தடை இல்லை என்று தனியாகச் சொல்லியிருந்தார்கள். கிறிஸ்தவ வீட்டுக்கும் சவப்பெட்டி வண்டி வரலாம் என்று சொல்லியாகிவிட்டது. தடை எங்களுக்கு மட்டும். அவரவர் வீட்டுக்கு வழி கிடைத்ததும் அவரவர் கையைக் கட்டிக்கொண்டார்கள். மேடையில் கோர்த்துத் தூக்குகிற கைகள் இவைதான்.

ஐப்பசி பிறந்துவிட்டது. பந்தல் துணி மக்கிக் கிழிந்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்கு மாற்றி மாற்றிக் காய்ச்சல். எங்கள் பெரியவர்கள் தலையை ஆட்டிவிட்டு வந்தார்கள். அப்பாவும் ஆட்டினார். இப்பத்துக்கு ஒரு கூரை வரட்டும், சாவு வரும்போது பாத்துக்கலாம் என்றார்.

பாய் சேதி தெரிந்து வந்தார். அன்றைக்கு அவர் கத்தவில்லை. அப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"பொணம் வெளிய போக முடியாத வீட்டுல உசுரு எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டார். "இவ்வளவு பேரும் படுத்துப் பாத்துதானே கட்டுனோம்? கடைசியாப் படுக்குறத யோசிக்கலயா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு பாய் என்று மட்டும் சொன்னார். பாய் அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. வீடு திறந்த அன்றைக்கும் வரவில்லை. ரிப்பன் வெட்டியவர்களுக்கு அவர் வராததில் நிம்மதி. எனக்கு அவர்மேலும் கோபம். சொந்தக் கூரைக்குக் கீழே நிற்கிறவனுக்குப் பேசுவது சுலபம் என்று நினைத்தேன். அப்பா அவரைத் தேடி இரண்டு முறை போய், வீட்டில் இல்லை என்று திரும்பி வந்தார். அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் அப்பா அந்த வழியில் ஒரு விருந்தாளியைப் போலத்தான் நடந்தார்.

அங்கே முதலில் நடந்த சாவு அப்பாவுடையது. மறு வருடம் கார்த்திகை மாதம், கொள்முதல் நிலையத்திலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்தவர், விடிந்து எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அம்மா விழுந்து அழுதுகொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் வாசலில் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். என்ன பேசினார்கள் தெரியுமா? எந்த வரப்பு கொஞ்சம் அகலம், எங்கே சேறு முழங்காலுக்குக் கீழே இருக்கும், பாடையை எத்தனை பேர் தூக்கினால் வழுக்காது. சம்பா நட்டு, வயலெல்லாம் தண்ணீர் நின்றது. வீட்டு வாசலில் இருந்து பெரிய சாலை வரைக்கும் நேராக ஒரு வழி கிடந்தது. ஆயுசு முழுக்க ஊரார் நெல்லை முதுகில் சுமந்தவரைச் சேற்றில் இழுத்துக்கொண்டு போக யோசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை நின்றுபோய்விட்டது. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். பொம்பளப் புள்ள சும்மா இரு என்று ஒருவர் அதட்டினார்.

அப்போதுதான் லாரிச் சத்தம் கேட்டது. பாய் இறங்கினார். உள்ளே வந்து அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே போய்த் தன் ஆட்களை இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேர் எங்கள் வாசலில் பந்தல் கால் நடக் குழி தோண்டினார்கள். மீதிப் பேர் லாரியோடு பெரிய சாலை முனைக்குப் போய் அங்கேயும் தோண்டினார்கள். சாவு வீட்டுக்கு வாசலில் பந்தல் போடுவது வழக்கம்தான், அப்பாவைக் கொண்டுவந்து அதன் கீழே கிடத்தினார்கள். இந்தப் பந்தல் வாசலோடு நிற்கவில்லை. கால் நட்டு, மூங்கில் கட்டி, துணி இழுத்து, வழியின் மேல் ஊர்ந்து போய்க்கொண்டே இருந்தது. வழியின் அகலம் முழுவதும் பந்தல். அந்தப் பக்கத்திலிருந்தும் இதைப் பார்த்து ஒன்று வந்துகொண்டிருந்தது.

தர்மகர்த்தாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சில ஆட்களோடு வேகமாக வந்தார். பாய் வழியின் நடுவில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் வந்து, பேசி முடித்ததுதானே, பெரியவங்க ஒத்துக்கிட்டதுதானே, சாமி நிலத்துல இப்படிப் பண்ணலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாய் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு அவரைப் பேசவிட்டார். பேச்சு நீண்டது. கூட வந்த ஆட்கள் விவரமானவர்கள், நழுவிச் சாலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் பந்தல் நெருங்கி வந்தது. கடைசியில் தர்மகர்த்தாவும் பாயும் நின்ற இடத்துக்கு மேலே மட்டும் வானம் தெரிந்தது. கட்ட வேண்டிய கடைசித் துணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆட்கள் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் பாய் வாயைத் திறந்தார். நாலு ஆள் குரல் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"ஐயா, இது சாவு வீட்டுப் பந்தல். வாங்கன்னு யாரையும் கூப்புட மாட்டோம். ஆனா உள்ள வந்தவங்க துக்கம் கேட்டுட்டுத்தான் போகணும், அது உங்களுக்கே தெரியும். அண்ணன் வாசல்ல கெடக்காரு. உள்ளயா, வெளியவா, சொல்லுங்க. துணியக் கட்டணும்."

இந்தப் பக்கம் போனால் எங்கள் வாசல். அம்மாவின் கையைத் தொட்டுத் துக்கம் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் போனாலும் பந்தலுக்கு உள்ளேதான் நடக்க வேண்டும், துக்கம் கேட்காமல் போனவர் என்று ஊர் சொல்லும். தர்மகர்த்தா எங்கள் பக்கம் ஒரு முறை பார்த்தார். நான் வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும். வாய்விட்டு ஒன்றும் சொல்லக்கூட வேண்டாம். வந்துவிடுவார் என்றுதான் அந்த நொடியிலும் நான் நினைத்தேன், பாருங்கள், அவ்வளவு முட்டாள் நான்.

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழியிலிருந்து வயலுக்குள் இறங்கினார். முழங்கால் வரைக்கும் சேறு. நட்ட பயிரை மிதித்துக்கொண்டு, ஒரு காலைப் பிடுங்கி மறு காலை வைத்து, சாலையைப் பார்த்துப் போனார். அவர் போன அதே வயலில்தான் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள்.

பாய் கடைசித் துணியைக் கட்டச் சொன்னார். எங்கள் ஆட்கள் பாடையைத் தோளில் ஏற்றினார்கள். அப்பா பந்தலின் நிழலிலேயே, பெரிய சாலை வரைக்கும் நேராகப் போனார்.